ஆறாம் குழியும் இடது காதும்

துறைமுகச் சாலையைத் தாண்டி, உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே, புல் முளைக்கவே முளைக்காத ஒரு நிலத்தில் முத்துக்கரை கோல்ஃப் சங்கம் இருபது வருஷமாகப் புல் வளர்த்துக்கொண்டிருந்தது. உறுப்பினர்கள் முப்பத்தெட்டுப் பேர். குழிகள் ஒன்பது. துணைக்குழுக்கள் பதினொன்று. புல்லுக்கு ஊற்றத் தினமும் நாலு லாரி நல்ல தண்ணீர் வரும். அந்த லாரிகள் கடந்து வரும் தெருக்களில் குடிதண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தரம் வரும். சங்கத்தில் இதைப் பற்றி யாரும் பேசியதில்லை. அதற்கென்று ஒரு துணைக்குழு இல்லாததுதான் காரணம்.

சங்கு குளிக்கும் ரோச் அந்த வாசலுக்குள் நுழைந்தது ஆடிக் காற்றால். ஆடி பிறந்தால் கடலடியில் மண் கலங்கிவிடும். பத்துப் பாக ஆழத்தில் இறங்கினால் நீட்டிய கையே தெரியாது, சங்கு எங்கே தெரியப்போகிறது? ஐப்பசி வரை சும்மா இருக்க வேண்டியதுதான். மாதா கோயில் கொடியேற்றம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் சங்கத்தின் கௌரவச் செயலாளர் விஜயராஜ் ஆளனுப்பினார்.

விஜயராஜ் கப்பல் சரக்குத் தரகு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைத் தொப்பி, இடது கையில் மட்டும் ஒரு வெள்ளைக் கையுறை. ஆறாம் குழிக்கு முன்னால் இருந்த குளத்தைக் காட்டி அவர் விளக்கினார். இந்தக் கரையில் நின்று மட்டையால் அடிக்க வேண்டும். பந்து குளத்தைத் தாண்டி அந்தக் கரையில் இருக்கும் குழிக்குப் போக வேண்டும். இருபது வருஷத்தில் பெரும்பாலான பந்துகள் குளத்துக்குத்தான் போயிருந்தன.

"உள்ள ரெண்டாயிரம் பந்து கிடக்கும், ரோச்சு. மூழ்கி எடுத்துக் குடுக்கணும். கடல்ல சங்கு எடுக்கவனுக்கு இது என்ன கஷ்டம்?"

"கஷ்டம் ஒண்ணும் இல்ல சார். கழுத்தளவு தண்ணிதான."

வேலைக்கு வருகிறவர் நிரப்ப வேண்டிய படிவம் சங்கத்தில் இல்லை. இதற்கு முன் யாரும் வேலைக்கு வந்ததாக எழுத்தில் இல்லை. அதனால் உறுப்பினர் சேர்க்கைப் படிவம் ஒன்றை எடுத்து, விஜயராஜே கேள்வி கேட்டு நிரப்பினார். பெயர், வயது நாற்பத்திரண்டு, தொழில். நடுவில் 'ஹேண்டிகேப்' என்று ஒரு கட்டம்.

"கை காலு எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்," என்றார் ரோச்.

"இல்லை" என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார் விஜயராஜ்.

நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு அது நடந்தது. அன்று மாதாந்திரப் போட்டி. ஆட்டம் நடக்கும்போது குளத்தில் ஆள் இறங்கலாமா என்று முந்தின நாளே ரோச் கேட்டிருந்தார். "நம்ம ஆளுங்க குறி பாத்து அடிச்சா உன்மேல படவே படாது," என்று செயலாளர் தைரியம் சொல்லியிருந்தார்.

அடித்தவர் பாலகணேஷ் அண்ணாச்சி. பருப்பு மில் முதலாளி. ஓட்டப்பிடாரம் பக்கத்துக் குடும்பம். சர்க்கரைக்கு நடக்கச் சொன்ன டாக்டர் பேச்சைக் கேட்டுச் சங்கத்தில் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. இந்த ஆறு வருஷத்தில் அவர் பந்து ஒருமுறைகூடக் குளத்தைத் தாண்டியதில்லை. ரோச் அதுவரை அள்ளிய பந்துகளில் பாதிக்கு மேல் 'பா.க.' என்று நீல மையில் எழுதியிருந்தது.

ரோச் மூச்சு வாங்கத் தலையைத் தூக்கினார். பந்து தண்ணீரில் இரண்டு தரம் தத்தி, அவருடைய இடது காதில் அறைந்தது. காதுக்குள் யாரோ தகரத்தைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம். உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்ணைத் திறந்தபோது கரையிலிருந்து நாலு பேர் கத்திக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. பெரிய மனிதர்கள், வயிற்றைத் தூக்கிக்கொண்டு இப்படி ஓடி வருகிறார்களே என்று ரோச்சுக்கு மனசு நெகிழ்ந்துபோனது.

நாலு பேரும் குளத்தைச் சுற்றிக்கொண்டு அந்தக் கரைக்கு ஓடினார்கள். அங்கே குனிந்து குழிக்குள் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். காதில் பட்ட பந்து எகிறிப் புல்லில் விழுந்து, உருண்டு, குழிக்குள் போயிருந்தது. ஒரே அடியில் குழி. கோல்ஃப் ஆடுகிறவர்கள் ஆயுள் முழுக்கக் காத்திருந்தும் பெரும்பாலும் கிடைக்காத பாக்கியம் அது. முத்துக்கரை சங்கத்தின் சரித்திரத்தில் முதல் தடவை.

முதலில் ரோச்சைத் திரும்பிப் பார்த்தவர் பாலகணேஷ் அண்ணாச்சிதான். குளத்தோரம் வந்து பார்த்தவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"ஐயையோ, ரத்தம்லா வருது! ஏப்பா, என்னைய மன்..."

விஜயராஜ் பாய்ந்து வந்து, கையுறை போட்ட கையால் அவர் வாயைப் பொத்தினார்.

"அண்ணாச்சி, அந்த வார்த்தைய முடிச்சிராதிய! பாலிசி! நாலாம் நிபந்தனை!"

விஷயம் இதுதான். உறுப்பினர்கள் எல்லாருக்கும் கீழக்கடல் பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் கோல்ஃப் ஆட்டக்காரர் பாலிசி உண்டு. தன் பந்து பிறர்மேல் பட்டுக் காயமானால் நஷ்ட ஈட்டை நிறுவனம் கொடுக்கும். ஆனால் நாலாம் நிபந்தனைப்படி, நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பாலிசிதாரர் தன் தவறை ஒப்புக்கொள்ளக் கூடாது. மன்னிப்புக் கேட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி. ஒப்புக்கொண்டால் பாலிசி செல்லாது.

"ரோச்சு, தப்பா எடுத்துக்கிடாத," என்றார் விஜயராஜ், வாயைப் பொத்திய கையை எடுக்காமலே. "அண்ணாச்சிக்கு உள்ளுக்குள்ள ரொம்ப வருத்தம். ஆனா கம்பெனி அனுமதி குடுக்காம வருத்தத்த வெளிய எடுக்கப்படாது. எல்லாம் உன் நன்மைக்குத்தான்."

ரோச் மூக்கை இரண்டு விரலால் பிடித்து, வாயை மூடி, மெல்ல ஊதினார். ஆழத்தில் காது அடைத்தால் குளியாட்கள் செய்வது. அடைப்பு 'பட்'டென்று திறக்கும். இன்று திறக்கவில்லை. இடது காது வழியாகக் காற்று 'உஸ்' என்று வெளியே போனது. இருபத்துநாலு வருஷமாகக் கடலில் இறங்குகிறவருக்கு அதற்கு மேல் டாக்டர் தேவையில்லை.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்தார். "செவிப்பறையில ஓட்டை. தானா மூடலாம், மூடாமலும் போகலாம். மூடலைன்னா ஆபரேஷன். ஆறு மாசத்துக்குத் தலை தண்ணிக்குள்ள போகக் கூடாது."

"ஆறு மாசமா?" ரோச்சின் மனைவி மரியசெல்வி விரல் விட்டு எண்ணினாள். அவள் இறால் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். "ஐப்பசி, கார்த்திகை, மார்கழி... சீசன் பூராவும் போச்சே மாதாவே."

அன்று மாலையே விஜயராஜ் போன் பண்ணினார். உடனே சங்கத்துக்கு வர வேண்டும், காப்பீட்டு அதிகாரியே வந்திருக்கிறார் என்றார். "பாத்தியளா, நல்ல மனுசங்கதான்," என்று மரியசெல்வி சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

சங்கத்து மண்டபத்தில் சீரியல் விளக்கு எரிந்தது. பிரியாணி வாசம். பாலகணேஷ் அண்ணாச்சி கழுத்தில் மாலையோடு, தண்டனை வாங்கியவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரே அடியில் குழியில் போட்டவர் சங்கத்துக்கே விருந்து வைக்க வேண்டும் என்பது கோல்ஃப் சம்பிரதாயம். அந்த விருந்துச் செலவையும் அதே பாலிசி கொடுக்கும். காலை ஏழரைக்குப் பந்து விழுந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளை மேலாளர் பானுப்ரியா காசோலையோடு வந்துவிட்டார். ஒரு கையெழுத்துதான் பாக்கி. ஆடியவரோடு சேராத ஒரு சாட்சி.

ரோச்சிடம் நீட்டிய தாளை மரியசெல்வி வாங்கி வாசித்தாள். "மேற்படி பந்து என் இடது காதில் பட்டுத் திசை மாறிக் குழிக்குள் விழுந்ததை நான் என் கண்ணால் கண்டேன்."

"காதுல பட்டத எப்படிம்மா கண்ணால காங்க முடியும்?"

"ஃபார்மேட் அப்படி மேடம்," என்றார் பானுப்ரியா.

"பந்து நடுவுல ஆள்மேல பட்டாலும் குழி குழிதான்," என்று விஜயராஜ் விதிப்புத்தகத்தைத் திறந்து காட்டினார். "அதுக்கு இதுல பேரு வெளிப்பொருள். நாய், காக்கா, டிராக்டர், எதுல பட்டாலும் செல்லும். அந்த வரிசையிலதான் நீயும் வார, ரோச்சு. யோசிக்காம போடு."

பந்து காதில் பட்டது என்று ஒரு தாளில் ஏறுவது தனக்கும் நல்லதுதானே என்று ரோச் கையெழுத்துப் போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். மரியசெல்விக்கு ஒரு பொட்டலம் பிரியாணி கொடுத்தார்கள். வீடு வந்து பிரித்தால் சோறு ஆறிப்போயிருந்தது. ரோச்சுக்கு மெல்ல முடியவில்லை. மென்றால் காது வலித்தது.

மறுவாரம் ஒரு மூட்டை துவரம்பருப்பு வீட்டு வாசலில் வந்து இறங்கியது. யார் அனுப்பியது என்று டிரைவர் சொல்ல மறுத்துவிட்டான். அடுத்த நாள் சங்கத்திலிருந்து ஓர் ஆள் தாள் கொண்டுவந்தான். "எனக்கு வந்த பருப்புக்கும் என் காதுக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்." ரோச் அதிலும் கையெழுத்துப் போட்டார். மூட்டையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போக அவருக்குத் தெம்பு இல்லை.

காதில் விழுந்த ஓட்டை மூடவில்லை. இரண்டு மாசம் பஞ்சு வைத்தும் சீழ்தான் வடிந்தது. புரட்டாசியில் புருஷனும் பெண்டாட்டியும் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனார்கள். பானுப்ரியா மரியாதையாக உட்காரச் சொன்னார். ஃபேன் போட்டார். பிறகு ஆரம்பித்தார்.

"சார், இந்தப் பாலிசி மூணாம் நபருக்கு நேர்ற காயத்துக்கு. முதல் நபர் கம்பெனி, ரெண்டாம் நபர் பாலிசிதாரர். நீங்க மூணாம் நபர்தானான்னு முதல்ல பார்க்கணும். அன்னைக்குச் சங்கத்துக்காக வேலை செஞ்சீங்களா?"

"ஆமாம்மா."

"அப்போ நீங்க பணியாளர். பணியாளருக்குத் தனிப் பாலிசி. சங்கம் அதை எடுக்கலை."

"சரி, வேலை செய்யலன்னு வச்சுக்கிடுங்க."

"அப்போ அனுமதியில்லாம நுழைஞ்சவர். அதுக்குக் கம்பெனி பொறுப்பில்லை."

"சும்மா ஆட்டத்தப் பாத்துக்கிட்டு நின்னேன்."

"தண்ணிக்குள்ள நின்னா சார்?" பானுப்ரியா அனுதாபத்தோடு கேட்டார். "அதெல்லாம் இருக்கட்டும். உங்க படிவம் எங்ககிட்ட இருக்கு. சங்கத்து உறுப்பினர் படிவம். ஹேண்டிகேப் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"கை காலு நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"கோல்ஃப்ல அதுக்கு அர்த்தம் வேற சார். ஆட்டத்துல பலவீனமானவங்களுக்குக் கொடுக்கிற சலுகைதான் ஹேண்டிகேப். அது தேவையில்லைன்னா நீங்க அந்தச் சங்கத்துலயே முதல் தர ஆட்டக்காரர். சக ஆட்டக்காரருக்கு அடிபட்டா நஷ்ட ஈடு கிடையாது. விளையாட்டோட ஆபத்து உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

ரோச் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். சங்கு பொறுக்கிப் பொறுக்கி நகமெல்லாம் தேய்ந்த கைகள். இந்தக் கைகள் ஒரு மட்டையைத் தொட்டதில்லை.

"தொழில் வேற சங்கு குளிக்கிறது," பானுப்ரியா பக்கத்தைத் திருப்பினார். "இருபத்துநாலு வருஷமா தண்ணி அழுத்தத்துல இருந்த காது. நாற்பத்திரண்டு வருஷப் பழசு. கார் கண்ணாடிக்கே நாங்க தேய்மானம் கழிப்போம். எல்லாத்துக்கும் மேல, பந்து உங்க காதுலதான் பட்டதுங்கிறதுக்கு ஆதாரம் வேணும்."

மரியசெல்வி அதுவரை பொறுமையாக இருந்தாள். "ஏம்மா, பிரியாணி அன்னைக்கு நீங்கதான கையெழுத்து வாங்குனிய? காதுல பட்டுதுன்னு?"

"அது கொண்டாட்டப் பிரிவு மேடம். அங்க அந்த நாற்காலியில உட்காருவேன்." மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு நாற்காலியைக் காட்டினார். "இது பொறுப்புப் பிரிவு. இந்த நாற்காலியில இருக்கும்போது அந்த ஃபைலைப் பார்க்க எனக்கு அதிகாரம் இல்லை."

"அப்ப எந்திச்சு அங்கன போயி பாத்துட்டு வாங்க."

பானுப்ரியா எழுந்து போனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, இழுப்பறையைத் திறந்து ஃபைலை எடுத்து நிதானமாக வாசித்தார். "ஆமா மேடம். இடது காதுலதான் பட்டிருக்கு," என்றார் அங்கிருந்து. பிறகு ஃபைலை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பழைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இப்ப தெரிஞ்சிட்டுல்லா?"

"அங்க பார்த்ததை இங்க பயன்படுத்த முடியாது மேடம்."

அவர் கேலி செய்யவில்லை. அவர் முகத்தில் களைப்புதான் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு டப்பா திறக்காமல் மேசையோரம் கிடந்தது. அதைப் பார்த்ததும் ரோச்சுக்குச் சண்டை போடும் எண்ணம் போய்விட்டது. "வா ளா, போவோம்," என்றார்.

"ஒரு வழி இருக்கு சார்," என்றார் பானுப்ரியா. "நேரடி மறு நிகழ்வுச் சோதனை. அதே இடம், அதே ஆள், அதே மட்டை. பந்து அப்படிப் பட முடியும்னு தெரிஞ்சா, இந்தப் பிரிவுலயே ஆதாரம் ஆயிடும்."

"திரும்பியும் இவரு காதுல அடிக்கவா?" என்று மரியசெல்வி கேட்டாள்.

"பாதுகாப்பு ஏற்பாடு செய்வோம் மேடம்."

ஐப்பசி முதல் வாரம் சோதனை நடந்தது. கடல் அன்று கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது. ரோச்சின் கூட்டாளிகள் விடியும் முன்பே வள்ளத்தில் சங்குக்குப் போய்விட்டார்கள். அவர் கோல்ஃப் குளத்தில் நெஞ்சளவு தண்ணீரில் நின்றார். மரியசெல்வி காதில் எண்ணெய்ப் பஞ்சு வைத்து லேஞ்சித் துணியால் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டிருந்தாள். அதன்மேல் காப்பீட்டு நிறுவனம் கொடுத்த மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். ஹெல்மெட் போட்ட பிறகு பந்து காதில் பட வாய்ப்பில்லையே என்று மரியசெல்வி கேட்டதற்கு, "குறிச்சுக்கிறேன் மேடம்," என்று பானுப்ரியா அதையும் எழுதிக்கொண்டார்.

சங்கத்தின் பதினொரு துணைக்குழுத் தலைவர்களும் குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். விஜயராஜ் மைக் வைத்திருந்தார்.

"முத்துக்கரை சங்கம் உண்மைக்கு என்னைக்கும் பயப்பட்டதில்ல," என்று ஆரம்பித்தார். "விபத்து நடந்து மூணு மாசத்துல மூணு அவசரக் கூட்டம் போட்டிருக்கோம். முதல் கூட்டத்துல அண்ணாச்சிக்குக் கல்வெட்டு வைக்கத் தீர்மானம். ரெண்டாவதுல கல்வெட்டு எழுத்து தமிழா இங்கிலீஷான்னு விவாதம். மூணாவது கூட்டத்துல நேரம் இருந்திருந்தா ரோச் விஷயத்தையும் எடுத்திருப்போம். நேரம் இல்ல. ஆனா மனசு இருந்துச்சு. அதையும் மினிட் புக்குல எழுதியிருக்கோம்."

துணைக்குழுத் தலைவர்கள் தலையாட்டினார்கள்.

பாலகணேஷ் அண்ணாச்சி மட்டையை எடுத்தார். முதல் பந்து குளத்தின் இடது மூலையில் விழுந்தது. இரண்டாவது வலது மூலையில். மூன்றாவது பின்னால் போனது. எப்படிப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ரோச் ஹெல்மெட்டுக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வெயில் ஏறியது. அண்ணாச்சி ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் "சாமி, அவன்மேல படக் கூடாது," என்று முணுமுணுப்பது பக்கத்தில் நின்ற மரியசெல்விக்குக் கேட்டது. படாவிட்டால் பணம் கிடைக்காது, பட்டால் வலிக்கும் என்று நினைத்து அவள் எந்தப் பக்கமும் வேண்டிக்கொள்ளவில்லை.

இருபத்தேழு பந்துகள். ஒன்றுகூட ரோச் பக்கம் போகவில்லை.

பானுப்ரியா எழுதியதை வாசித்தார். "சோதனையில் இருபத்தேழு முறை முயன்றும் பாலிசிதாரரின் பந்து நஷ்ட ஈடு கோருபவரைத் தொடவில்லை. ஆகவே பாலிசிதாரரின் பந்து கோருபவரைத் தொடுவது சாத்தியமில்லை என்று முடிவாகிறது."

"அப்ப அண்ணாச்சி குழியில போட்டது?" என்று மரியசெல்வி கேட்டாள்.

"அது சாத்தியம் மேடம். அந்த ஃபைல் முடிஞ்சிருச்சு."

சோதனை முடிந்துவிட்டது என்று விஜயராஜ் அறிவித்தார். துணைக்குழுத் தலைவர்கள் காபிக்கு எழுந்தார்கள். விஜயராஜ் குளத்தோரம் வந்தார்.

"ரோச்சு, இறங்குனதுதான் இறங்கிட்ட. அந்த இருபத்தேழு பந்தையும் எடுத்துட்டு ஏறிரு."

"தலை தண்ணிக்குள்ள போகப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காவ சார்."

"கழுத்தளவு தண்ணிதானய்யா. நீதான அன்னைக்குச் சொன்ன."

ரோச் ஹெல்மெட்டைக் கழற்றினார். அவருக்குக் கோபம் வரவில்லை. மூன்று மாசமாக ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டுப் போட்டு, இப்போது 'முடியாது' என்ற ஒரு வார்த்தை சொல்லக்கூட யாரிடமாவது படிவம் வாங்க வேண்டுமோ என்று தோன்றியது. அவர் கைகள் தாமாக லேஞ்சி முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தன. கரையில் மரியசெல்வி, "ஏங்க! வேண்டாம்!" என்று கத்தினாள். இடது பக்கமாக நின்று கத்தியதால் அவருக்கு அது காற்று மாதிரித்தான் விழுந்தது.

அப்போது தண்ணீரில் சளக் சளக் என்று சத்தம். வெள்ளைக் கால்சட்டையும் ஷூவுமாகப் பாலகணேஷ் அண்ணாச்சி குளத்தில் இறங்கி வந்துகொண்டிருந்தார். சேற்றில் ஒரு ஷூ மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு நடந்தார். ரோச்சின் பக்கத்தில் வந்து, கரையை ஒருமுறை திரும்பிப் பார்த்து, குனிந்து, இடது காதோரம் ஏதோ சொன்னார்.

"என்ன சொன்னிய அண்ணாச்சி? அந்தப் பக்கம் எனக்குக் கேக்காது."

அண்ணாச்சி ரோச்சின் முகத்தைப் பார்த்தார். கேலியோ குத்தலோ அதில் இல்லை. உண்மையாகவே கேட்கவில்லை. அந்தக் காதுக்குள் இனி எதைப் போட்டாலும் போகாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று, மில்லில் மிஷின் ஓடும்போது ஆட்களைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்.

"என்னைய மன்னிச்சிருப்பா ரோச்சு! என் தப்புதான்! ஆள் நிக்கான்னு தெரிஞ்சுதான் அடிச்சேன்! எனக்கு அடிக்கத் தெரியாதுன்னும் தெரியும்! தெரிஞ்சே அடிச்சேன்!"

காபி கோப்பைகள் அப்படியே நின்றன. பானுப்ரியா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினொன்னு நாற்பத்திரண்டு," என்று எழுதினார். "நாலாம் நிபந்தனை மீறல். சார், உங்க பாலிசி இந்த நிமிஷத்தோட செல்லாது. இனிமே எது வந்தாலும் உங்க சொந்தப் பொறுப்பு."

"எழுதிக்கிடுங்கம்மா. நல்லா எழுதிக்கிடுங்க."

"அண்ணாச்சி!" விஜயராஜுக்கு மைக் கையிலிருப்பதே மறந்துவிட்டது. அவர் குரல் உப்பளம் வரை போனது. "என்ன காரியம் பண்ணிட்டிய! இருபது வருஷமா இந்தச் சங்கத்துல ஒருத்தர்கூட யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டது கிடையாது! எத்தன பேரு மண்டை உடைஞ்சிருக்கு, எத்தன வண்டிக் கண்ணாடி போயிருக்கு! ஒருத்தர் வாயத் திறந்தது உண்டா? அந்தப் பேரக் கெடுத்துட்டியளே!"

பாலகணேஷ் அண்ணாச்சி திரும்பிப் பார்க்கவில்லை. ரோச்சின் கையைப் பிடித்துக் கரையேற்றினார். யார் யாரைப் பிடித்திருந்தார்கள் என்று சொல்வது கஷ்டம். ஒரு காலில் ஷூ இல்லாததால் அண்ணாச்சிதான் அதிகம் தள்ளாடினார்.

காரில் ரோச் முன்சீட்டில் உட்கார்ந்தார். மரியசெல்வி பின்னால். அண்ணாச்சி ஓட்டினார். ஈரக் கால்சட்டையிலிருந்து தண்ணீர் கால் விரிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் உட்கார்ந்தால் நல்ல காது அண்ணாச்சி பக்கம் வரும்.

"காது டாக்டர் ஒருத்தரு பாளையங்கோட்டை ரோட்டுல இருக்காரு," என்றார் அண்ணாச்சி, துறைமுகச் சாலை முடியும்போது. "முதல் நாளே உன்னக் கூட்டிட்டுப் போயிருக்கணும். சீக்கிரமா தச்சிருந்தா மூடியிருக்கும்னு அவரு சொன்னாரு. நான் கேட்டேன். பேரு சொல்லாம கேட்டேன்."

"இப்ப மூடுமா?"

"தெரியல. இந்த சீசன் கிடையாதுன்னுதான் சொல்லுதாரு. அடுத்ததும் பாத்துத்தான் சொல்லணுமாம்."

ரோச் தலையாட்டினார். தூரத்தில் கடல் தெளிவாகக் கிடந்தது.

"பருப்பு நல்லா வெந்துச்சா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"வெந்துச்சு அண்ணாச்சி," என்றாள் மரியசெல்வி பின்னாலிருந்து. "உங்களதுன்னு தெரியும்."

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண், சேறு அப்பிய இரண்டு ஆண்களையும், அவர்களில் ஒருவருக்கு ஒரு ஷூ குறைவதையும் பார்த்தாள். இழுப்பறையைத் திறந்து, விரல் தடிமனுக்கு ஒரு படிவக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். பேனாவின் மூடியைத் திறந்தாள்.

"இன்சூரன்ஸ் இருக்கா?"

"இல்லம்மா," என்றார் ரோச்.

"இல்ல," என்றார் அண்ணாச்சி.

"இல்லவே இல்ல," என்றாள் மரியசெல்வி.

அந்தப் பெண் கட்டைத் திரும்ப இழுப்பறைக்குள் வைத்து மூடினாள். "அப்போ ஒண்ணும் நிரப்ப வேண்டாம். பேர் மட்டும் சொல்லிட்டு நேரா உள்ள போங்க. டாக்டர் சும்மாதான் இருக்காரு."